பழைய பிரிண்டர் மோட்டாரும் அறுபது அடைமுட்டையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து கோரையாற்றங்கரையோடு போனால் வருகிற ஒரு சிற்றூர். அங்கே நாட்டுக்கோழி வளர்க்கும் அக்கா ஒருவர் வீட்டில், ஓடாமல் போன ஃப்ரிட்ஜின் கூட்டையே பெட்டியாக வைத்துக் கட்டிய இன்குபேட்டர் ஒன்று இருக்கிறது. கட்டியவர் அவருடைய அக்கா மகன், பாலிடெக்னிக் மாணவர். ஒரே தட்டு, 60 முட்டை கொள்ளும். சூட்டுக்கு இரண்டு குண்டு பல்பு, காற்றைச் சுற்றிவிட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சின்ன ஃபேன், எல்லாவற்றையும் நடத்த, நிரல் எழுதி ஏற்றிக்கொள்ளும் ஆர்டுயினோ நானோ என்கிற குட்டி போர்டு. மணிக்கு ஒரு தரம் முட்டைத் தட்டை இடமும் வலமுமாகச் சாய்ப்பது, காயலான் கடையில் கிடந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலிருந்து கழற்றிய ஒரு ஸ்டெப்பர் மோட்டார், அதாவது ஒரு மின்துடிப்புக்கு ஒரு சின்னப் படி (ஸ்டெப்) என்று நகர்கிற மோட்டார்.

அக்கா சொன்ன குறை இது: "தம்பி, இந்தப் பக்கத்து ரெண்டு வரிசையும் கூமுட்டையாப் போவுது. அந்தப் பக்கம் பொரிக்கிற குஞ்சு நல்லாத்தான் இருக்கு. அப்புறம், கரன்ட்டு போயி வந்தா தட்டு ஒரே பக்கமா சாஞ்சே கெடக்கு. நான்தான் கையால தள்ளி விடுறேன்."

நோயாளியே நோயைச் சரியாகச் சொல்லிவிட்டால் வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம். இந்த நான்கு வாக்கியத்துக்குள்ளேயே மோட்டாரின் சூடு, இடம் தெரியாமல் போவது, பிடிப்பு இல்லாதது ஆகிய மூன்று கோளாறும் இருந்தன. பழைய பிரிண்டர், ஸ்கேனர், ஏசி மோட்டார்களைப் பிரித்தெடுத்து இப்படி ஏதாவது கட்டிப் பார்க்கிற பிள்ளைகள் நம் டெல்டாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் அளவுகளோடு எழுதுகிறேன்.

முட்டைக்கு வேண்டியது

கோழி முட்டைக்கு அடைகாலம் 21 நாள். ஃபேன் வைத்த பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், அதிலிருந்து அரை டிகிரி கூடுதல் குறைச்சல்தான் தாங்கும். தாய்க்கோழி அடையில் இருக்கும்போது அலகாலும் காலாலும் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் அந்த வேலையைத் தட்டு செய்ய வேண்டும்: நடுவிலிருந்து இப்படி 45 டிகிரி, அப்படி 45 டிகிரி. 18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

மோட்டார் வேலை செய்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை நிமிடத்துக்குத்தான் நகர்த்தும் வேலை. மற்ற ஐம்பத்தெட்டரை நிமிடமும் தட்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிறுத்திப் பிடித்திருப்பது யார் என்பதை இந்தப் பெட்டியில் யாரும் தனியாக யோசிக்கவில்லை. மோட்டாரே பிடித்துக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் சூடு

ஆர்டுயினோ படித்துக் காட்டிய சூடு 37.6. சென்சார் தட்டுக்கு நடுவில் தொங்கியது. டிஎஸ் 18பி20 என்கிற அந்த சென்சாருக்கே அரை டிகிரி பிசகு அனுமதி உண்டு, ஆனால் இங்கே பிரச்சினை அது இல்லை. ஓரிடத்துச் சூட்டை மட்டும் பார்த்து முழுப் பெட்டியும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள்.

வீட்டில் காய்ச்சல் பார்க்கிற பாதரச தெர்மாமீட்டர் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். அதன் அளவு 35-இலிருந்து 42 வரை. முட்டைக்கு வேண்டிய எல்லை முழுக்க அதற்குள் அடக்கம். ஏறிய பாதரசம் உதறும்வரை இறங்காது என்பதால், நாம் பார்க்காத நேரத்தில் தொட்ட உச்ச சூட்டையும் அது காட்டிக்கொடுக்கும். இரண்டை உதறி, மோட்டார் பக்கத்து வரிசையில் ஒன்றும் எதிர் மூலையில் ஒன்றும் முட்டைக்கு நடுவே செருகி, இரவு முழுக்க விட்டோம். பாதரசம் என்பதால் உடையாதபடி துணியைச் சுற்றித்தான் வைத்தோம்.

காலையில் எதிர் மூலையில் 37.2. மோட்டார் பக்கம் 39.8. நாற்பதை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் கரு தாங்காது. மோட்டாரின் மேல் விரலை வைத்தால் சுரீரென்றது, ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. அது தட்டுக்குக் கீழே, பெட்டிக்கு உள்ளேயே பூட்டியிருந்தது.

ஆறு ஒயர் என்ன சொல்கிறது

அந்த மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தாளில் பிரிண்டர் கம்பெனியின் உதிரிபாக எண் மட்டும்தான். வோல்ட் இல்லை, ஆம்பியர் இல்லை. பழைய மோட்டாரில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், அதனால் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒயரை எண்ணுங்கள். இரண்டே ஒயர் என்றால் அது ஸ்டெப்பர் இல்லை, சாதாரண டிசி மோட்டார். இப்போதைய இங்க்ஜெட் பிரிண்டர்களில் தலையை ஓட்டுவது பெரும்பாலும் அதுதான். பக்கத்தில் கோடு போட்ட பிளாஸ்டிக் பட்டை ஒன்று ஓடும், அதை எண்ணித்தான் பிரிண்டர் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. நான்கு ஒயர் என்றால் இரண்டு தனித்தனிச் சுருள், பைபோலார் என்பார்கள். ஐந்து என்றால் இரண்டு சுருளின் நடுமுனையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஸ்ப்ளிட் ஏசியில் காற்றுத் தடுப்பை ஆட்டுகிற சின்ன வட்ட மோட்டார் இந்த வகை. பல் சக்கரம் உள்ளேயே இருப்பதால் மெதுவாகச் சுற்றினாலும் நல்ல இழுவை தரும். ஆறு என்றால் இரண்டு சுருளுக்கும் நடுமுனை தனித்தனியாக வெளியே வந்திருக்கும். நம்முடையது ஆறு.

ஒயரின் நிறத்தை நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டோம். மூன்றோடு மீட்டர் அசையவே இல்லை. அவை அடுத்த சுருள். இரண்டோடு மட்டும் எண் வந்தது: ஒன்றில் 12 ஓம், இன்னொன்றில் 24 ஓம். 24 காட்டிய ஜோடி சுருளின் இரண்டு கடைமுனை. இரண்டுக்கும் 12 காட்டுகிற ஒயர் நடுமுனை. அடுத்த மூன்றிலும் இதே கணக்கு வந்தது. தாள் ஒட்டி எழுதி வைத்தோம்.

மீட்டர் கையில் இல்லையா, இன்னொரு வழி உண்டு. எதிலும் சேராத மோட்டாரின் அச்சை விரலால் உருட்டினால் லேசான தடுக்கலோடு சுற்றும். இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்துவிட்டு மறுபடி உருட்டினால், அவை ஒரே சுருளைச் சேர்ந்தவையாக இருந்தால் அச்சு கெட்டியாகிவிடும். வேறு வேறு சுருள் என்றால் பழையபடிதான் சுற்றும். இரண்டு ஒயருக்கு நடுவே ஒரு எல்இடியை வைத்து வேகமாக உருட்டினால் அது மினுக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக வேலை செய்கிறது. மோட்டார் டிரைவரில் (ஆர்டுயினோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற போர்டு) சேர்ந்திருக்கும்போது தட்டைக் கையால் வேகமாகத் தள்ளக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்: அந்த மின்சாரம் டிரைவருக்குள் போகும். கரன்ட் வந்த பிறகு அக்கா தட்டைத் தள்ளிவிடுவதை நிறுத்தச் சொன்னது இதனால்தான்.

ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்டெப்? பிரிண்டர், ஸ்கேனர் மோட்டார்களில் 48 ஸ்டெப்பும் உண்டு, 200 ஸ்டெப்பும் உண்டு. அச்சில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மெதுவாக 200 துடிப்பு அனுப்பினோம். கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி.

சூட்டின் கணக்கு

மாணவர் போட்டிருந்த டிரைவர் எல்298 போர்டு. கடைக்குக் கடை கிடைக்கும், முரட்டுச் சாமான், பாடத்திலும் அதுதான் வருகிறது. அவருடைய ஒயரிங்கில் குறை ஒன்றும் இல்லை. சுருள் ஜோடிகளைச் சரியாகவே பிரித்திருந்தார், நடுமுனை இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி விட்டிருந்தார். ஆனால் எல்298 தானாக ஆம்பியரைக் கட்டுப்படுத்தாது, கொடுக்கிற வோல்ட்டை அப்படியே சுருளில் ஏற்றும். 12 வோல்ட்டில் சுமார் 2 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். மீதி 10 வோல்ட், 24 ஓமில் 0.42 ஆம்பியர். ஒரு சுருளில் 4.2 வாட், இரண்டு சுருளும் எப்போதும் உயிரோடு இருப்பதால் 8.4 வாட். டிரைவர் விழுங்குவது தனி, அதுவும் பெட்டிக்குள்ளேதான் இருந்தது.

எட்டரை வாட் பெரிதா என்று கேட்கலாம். திறந்த மேசையில் பெரிதில்லை. ஃப்ரிட்ஜ் கூடு என்பது சூடு போகாதபடியே கட்டிய பெட்டி. அதற்குள் இரவும் பகலும், முட்டைக்கு ஒரு சாண் தள்ளி, தெர்மோஸ்டாட்டின் பேச்சுக்குக் கட்டுப்படாத ஒரு ஹீட்டர் என்று நினைத்துப் பாருங்கள். சென்சார் சொல்கிறபடி பல்பு அணையும், மோட்டார் அணையாது.

ஏன் அணைக்கவில்லை என்று மாணவரிடம் கேட்டேன். "ஆஃப் பண்ணா தட்டு சரிஞ்சிடுதுண்ணே" என்றார். உண்மைதான். பிரிண்டரின் பல் பெல்ட்டையும் சக்கரத்தையும் அப்படியே எடுத்துத் தட்டின் அச்சில் மாட்டியிருந்தார். பெல்ட்டுக்குப் பிடிப்பு கிடையாது. மின்சாரம் நின்ற கையோடு கனமான பக்கம் இறங்கிவிடும். ஆகவே பிடித்திருக்க மின்சாரம், மின்சாரத்தால் சூடு, சூட்டால் கூமுட்டை.

பேட்டரிக்கும் இதே கதை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தப் பகுதியில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்குப் பிறகு எந்தச் சாமான் வாங்கினாலும் "பேட்டரியில ஓடுமா" என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி. மோட்டாருக்கும் ஆர்டுயினோவுக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வைத்திருந்தார்கள். சும்மா பிடித்துக்கொண்டு நிற்கவே 0.84 ஆம்பியர் என்றால், கணக்குப்படி எட்டு மணி நேரத்தில் பேட்டரி காலி; நடப்பில் அதற்கும் முன்னாலேயே.

பிடிக்கிற வேலையை மரைக்குக் கொடுத்தோம்

டிரைவரை மாற்றி ஆம்பியரைக் குறைத்தால் சூடு குறையும், ஆனால் பிடிப்பும் குறையும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது டிரைவர் இல்லை, தட்டைத் தள்ளுகிற முறை.

மன்னார்குடி ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர் முழு மரைக் கம்பி வாங்கினோம். அதில் ஒரு சுற்றுக்கு நட் 1.25 மில்லிமீட்டர் நகரும். அந்த மரையின் சாய்வு 3 டிகிரி சொச்சம்தான். இரும்பின் மேல் இரும்பு வழுக்கி இறங்க அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சாய்வு வேண்டும். அதனால் நட்டை எவ்வளவு தள்ளினாலும் கம்பி சுற்றாது. கம்பியைச் சுற்றினால் மட்டுமே நட் நகரும். வண்டி ஜாக்கி கனத்தைத் தாங்கி நிற்பது இதே காரணத்தால்தான்.

தட்டின் அச்சில் 70 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கை, அதிலிருந்து ஒரு இணைப்புத் தகடு, தகட்டின் மறுமுனையில் நீள நட். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நட் சுமார் 100 மில்லிமீட்டர் போக வேண்டும். அதாவது 80 சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தால் 80 நொடி. முட்டைக்கு இந்த மெதுவான ஓட்டமே நல்லது, உலுக்கல் இல்லை.

கம்பி, நட், மோட்டார் மூன்றும் இப்போது பெட்டிக்கு வெளியே, பின்பக்கத்துச் சுவரில். தட்டின் அச்சு மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மரைக்குக் கிரீஸ் போட்டாலும் முட்டை மேல் சொட்டாது. அடை பெட்டிக்குள் எண்ணெய்ப் பசை போகவே கூடாது. முட்டை ஓட்டின் நுண்துளை அடைபட்டுவிடும்.

மோட்டார் அச்சையும் மரைக் கம்பியையும் சேர்க்கக் கடையில் கப்ளிங் கிடைக்கும். நாங்கள் போட்டது பைக்கின் பெட்ரோல் டியூப் ஒரு துண்டும் இரண்டு கிளிப்பும். மோட்டார் அச்சில் பிரிண்டர்க்காரர் இறுக்கி அடித்த பித்தளைப் பல்சக்கரம் இருந்தது. அதைப் பிடுங்கப் போனால் அச்சு வளையும் என்பதால் விட்டுவிட்டு, டியூப்பை அதன் மேலேயே ஏற்றினோம். பல் ரப்பரைக் கவ்விக்கொண்டது. இரண்டு கம்பியும் நேர்க்கோட்டில் இல்லாமல் ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலும் டியூப் பொறுத்துக்கொள்ளும்.

இழுவை போதுமா என்பதையும் கழற்றி வைத்த மோட்டாரில் பார்த்துக்கொண்டோம். 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள கப்பியில் நூலைச் சுற்றி, கீழே எடைக்கல்லைக் கட்டினோம். சுருளுக்கு 0.25 ஆம்பியரில் ஒரு கிலோவைத் தூக்கியது, ஒன்றரையில் திணறியது. மரையின் உராய்வில் ஐந்தில் நான்கு பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டாலும் நட்டில் சுமார் 10 கிலோ அளவுக்குத் தள்ளு கிடைக்கும். நாட்டுக்கோழி முட்டை ஒன்று 45 கிராம் என்றால் 60 முட்டை 2.7 கிலோ, அதுவும் நடு அச்சில் சமநிலையில் நிற்கிற தட்டு. தாராளமாகப் போதும்.

டிரைவரும் குட்டித் திருகும்

எல்298-ஐ எடுத்துவிட்டு ஏ4988 டிரைவர் போர்டு வைத்தோம். இது சுருளில் ஓடுகிற ஆம்பியரை அளந்து, சொன்ன அளவைத் தாண்டாமல் வெட்டி வெட்டிக் கொடுக்கும். அளவைச் சொல்வது போர்டில் உள்ள குட்டித் திருகு. மீட்டரின் ஒரு முனையைக் கிரவுண்டிலும் இன்னொன்றைத் திருகின் உலோகத்திலும் வைத்தால் ஒரு வோல்ட் காட்டும். போர்டில் இருக்கும் அளக்கும் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால், வேண்டிய ஆம்பியரை 0.8-ஆல் பெருக்கினால் வருவதுதான் வைக்க வேண்டிய வோல்ட். 0.25 ஆம்பியருக்கு 0.20 வோல்ட். அந்த ரெசிஸ்டர் எல்லா போர்டிலும் 0.1 இல்லை, 0.05-உம் 0.068-உம் வருகின்றன, அதன் மேல் எழுதியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

பழைய மோட்டாருக்கு எவ்வளவு ஆம்பியர் என்று எழுதியிருக்காது என்றேன். அங்கே விரல்தான் அளவுகோல். குறைவாகத் தொடங்கி, வேலை நடக்கிற அளவுக்கு ஏற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டு, மோட்டாரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டே இருக்க முடிந்தால் சரி. வேலைக்குப் போதுமென்றால் அதற்கு மேல் ஏற்றுவதில் எந்த லாபமும் இல்லை.

ஒயரிங்கில் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு சுருளின் இரு கடைமுனையும் ஒரு ஜோடி முனையில், அடுத்தது அடுத்த ஜோடியில். ஜோடி கலந்தால் மோட்டார் சுற்றாமல் உறுமி நடுங்கும். ஒரு ஜோடிக்குள் மட்டும் இடம் மாறினால் எதிர்த்திசையில் சுற்றும், கெடுதல் இல்லை. மோட்டார் மின்சாரம் வருகிற முனைக்கு ஒட்டியபடியே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கட்டாயம்; அது இல்லாமல் நீள ஒயரில் அடாப்டரைச் செருகினால் எகிறுகிற வோல்ட்டில் டிரைவர் போய்விடும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கவே கூடாது. கடைகளில் "செத்த போர்டு" என்று குப்பையில் போடுகிறவற்றில் பல இப்படித்தான் சாகின்றன. ரீசெட், ஸ்லீப் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் போர்டு அசையாது.

கால் ஸ்டெப் வைத்தோம், அதாவது ஒரு ஸ்டெப்பை நான்கு துடிப்பாகப் பிரித்து ஓட்டுவது. முழு ஸ்டெப்பில் நொடிக்கு 200 என்கிற வேகத்தில் இந்த மோட்டார் கடகடவென்று அதிர்ந்தது. கால் ஸ்டெப்பில் அந்தச் சத்தமே அடங்கிவிட்டது.

இனி எனேபிள் முனை. அதில் வோல்ட் ஏறினால் டிரைவர் மோட்டாரை விட்டுவிடும். தட்டு போய்ச் சேர்ந்ததும் ஆர்டுயினோ அதை ஏற்றிவிடுகிறது. பிடிப்பது மரை. மணிக்கு 80 நொடி மட்டுமே மின்சாரம், அப்போதும் மோட்டாரில் மொத்தம் ஒன்றரை வாட். பேட்டரியில் மோட்டாரின் பங்கு கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத அளவுக்குப் போய்விட்டது.

தட்டு எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்

ஸ்டெப்பருக்குத் தன் இடம் தெரியாது. எத்தனை துடிப்பு அனுப்பினோம் என்பது ஆர்டுயினோவின் நினைவில் மட்டும்தான் இருக்கும். கரன்ட் போனால் அதுவும் போகும். பழைய நிரலில் ஒவ்வொரு தரம் உயிர் வந்ததும் தட்டு நடுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கிளம்பும். ஏற்கெனவே சாய்ந்து கிடக்கும் தட்டை மேலும் சாய்க்கப் பார்த்து, கட்டையில் முட்டி, பெல்ட் பல் தாண்டும். அக்கா பார்த்த "ஒரே பக்கமா சாஞ்சே கெடக்கு" இதுதான்.

ஒரு கோடியில் மைக்ரோ சுவிட்ச் வைத்தோம். பிரிண்டரிலேயே ஒளியால் வேலை செய்யும் யு வடிவ சென்சார் ஒன்று இருந்தது, மாணவருக்கு அதையே போட ஆசை. பொரிக்கிற நாளில் குஞ்சின் மெல்லிய இறகுத் தூசி பெட்டி முழுக்கப் பறக்கும். கதவைத் திறந்தால் வெளியேயும் வந்து படியும். ஒளி மறைந்தால் சென்சார் பொய் சொல்லும். சுவிட்ச் போதும் என்று ஒத்துக்கொண்டார். உயிர் வந்ததும் பத்து நொடி பொறுத்து, ஏனென்றால் திரும்பி வரும் கரன்ட் நிலைபெறக் கொஞ்ச நேரம் ஆகும், மெதுவாகச் சுவிட்ச் பக்கம் போய்த் தொட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்கும். 100 சுற்றுக்குள் சுவிட்ச் தொடாவிட்டால் நின்று, பஸ்ஸர் அடிக்கும்.

புது நிரலை ஏற்றி முதல் ஓட்டத்தில் தட்டு சுவிட்சைத் தொட்டது, பிறகு மறு கோடிக்குக் கிளம்ப வேண்டிய இடத்தில் பின்னோக்கியே இரண்டு சுற்றுக்கும் குறைவாகச் சுற்றி நின்றுவிட்டது. ஒயரிங் சரி, டிரைவர் சரி. கோளாறு எண்ணில் இருந்தது. 80 சுற்று, சுற்றுக்கு 200 ஸ்டெப், கால் ஸ்டெப்பால் நான்கு மடங்கு: 64,000. நானோவில் 'இன்ட்' என்று அறிவித்த மாறி 32,767 வரைதான் எண்ணும். தாண்டினால் எதிர்மறைக்குப் புரளும். 64,000-இலிருந்து 65,536-ஐக் கழித்தால் மைனஸ் 1,536. அதை 800-ஆல் வகுத்தால் 1.92 சுற்று, பின்னோக்கி. பார்த்த ஓட்டத்துக்கும் கணக்குக்கும் அப்படியே பொருந்தியது. முழு ஸ்டெப்பில் இருந்த பழைய நிரலில் இது தலைகாட்டியே இருக்காது. மாறியை 'லாங்' என்று மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: 80, 200, 4 மூன்றையும் நிரலிலேயே பெருக்கினால் அந்தப் பெருக்கலே 'இன்ட்' கணக்கில் நடந்து புரண்டுவிடும். முதல் எண்ணுக்குப் பின்னால் 'எல்' எழுத்து போட்டால்தான் சரியாகும்.

இன்னொரு கோளாறு நிகழ்வதற்கு முன்பே பிடிபட்டது. மாணவர்தான் பிடித்தார். "அண்ணே, முக்கா மணிக்கு ஒரு தரம் கரன்ட் போச்சுன்னா தட்டு சுவிட்ச் பக்கமே வந்து வந்து நிக்கும், மறுபக்கம் போவவே போவாதுல்ல?" சரியான கேள்வி. மழைக்காலத்தில் அப்படி நாள் முழுக்க நடக்கலாம், பேட்டரியும் ஒரு நாள் தளரலாம். அதனால் கடைசியாக எந்தப் பக்கம் போய் நின்றது என்பதை மட்டும் மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராமில் ஒரு பைட்டாக எழுதி வைக்கிறோம். உயிர் வந்ததும் சுவிட்சைத் தொட்டுவிட்டு, எழுதியிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கும். நானோவின் ஈப்ராம் ஓரிடத்தில் ஒரு லட்சம் தரம் எழுதத் தாங்கும். மணிக்கு ஒன்று என்றால் பதினோரு ஆண்டுக்கு மேல் வரும்.

சோதனையும் அடுத்த அடையும்

உடனே முட்டை வைக்கவில்லை. முட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு குழியிலும் ஒரு கைப்பிடி நெல்லைப் பிளாஸ்டிக் தாளில் கட்டி வைத்து ஓட்டினோம். கனம் கிட்டத்தட்ட அதேதான். கொட்டினாலும் கோழிக்குத் தீனி. ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தரமும் தட்டு விட்ட இடத்திலேயே நின்றது, உயிர் வந்ததும் சுவிட்சைத் தேடிப் போய் வழி கண்டுகொண்டது. காய்ச்சல் தெர்மாமீட்டர் இரண்டையும் பழைய இடத்தில் வைத்தபோது மோட்டார் இருந்த பக்கம் 37.7, எதிர் மூலை 37.4. மோட்டார் கூட்டைத் தொட்டால் சூடு தெரியவில்லை.

அடுத்த அடையில் ஏழாம் நாள் செல்போன் டார்ச்சில் முட்டைகளைப் பார்த்தபோது, மோட்டார் பக்கத்து வரிசைகளிலும் மற்ற வரிசைகளைப் போலவே ரத்த நரம்பு சிலந்தி வலையாய்ப் படர்ந்திருந்தது. பொரித்த நாளில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பொரிக்காமல் நின்றவை இரண்டு பக்கத்திலும் கலந்தே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நாள்பட எடுத்து வைத்திருந்த முட்டைகள். அது மோட்டார் சங்கதி இல்லை.

அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் முட்டை வாங்கி அதையும் அடை வைக்க அக்காவுக்கு எண்ணம். வாத்து முட்டைக்கு 28 நாள், புரட்டலை 25-ஆம் நாள் நிறுத்த வேண்டும். முட்டையும் பெரிது, கோழி முட்டைக்கான குழியில் உட்காராது. தட்டின் குழியை அகலமாக வெட்டி 40 முட்டைக்கு ஒரு தட்டு தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். முட்டை ஒன்று 70 கிராம் என்று வைத்தாலும் 2.8 கிலோதான் வருகிறது, ஆகவே மோட்டார் திருகைத் தொட வேண்டியதில்லை. கோழிக்கும் வாத்துக்கும் நாள் கணக்கை மாற்ற நானோவில் ஒரு சுவிட்ச் மட்டும் சேர்க்க வேண்டும். புரட்டலை நிறுத்தும் நாளில் தட்டு சாய்ந்தபடி நிற்காமல், சுவிட்சைத் தொட்டு 40 சுற்று வந்து மட்டமாக நிற்கும்படி நிரலை மாணவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.